பதினொரு நாள் மூப்பு

பலாலியில் இறங்கும்போது காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று அறிய நாங்கள் முதலில் பார்ப்பது காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையின் புகையைத்தான். ஓடுபாதை ஓரத்தில் துணிக் காற்றுப்பை ஒன்று கம்பத்தில் தொங்கியது. ஆனால் அதைக் காண நன்றாகக் கிட்ட வரவேண்டும். புகையோ, வன்னிக் காடு முடிந்து களப்பு தெரியத் தொடங்கியதுமே கண்ணில் பட்டுவிடும். அது சரிந்திருக்கும் கோணத்தைப் பார்த்து, தென்மேற்குக் காற்றான சோளகம் இவ்வளவு பலம் என்று நான் சொல்வேன். இடப்பக்க இருக்கையில் இருக்கும் கப்டன் தலையை ஆட்டுவார். நான் துணை விமானி.

எங்கள் கம்பனி மிகச் சிறியது. பத்துப் பேர் ஏறும் இரட்டை இயந்திர விமானங்கள் இரண்டு, மூன்று. பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையில் காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை போய்வரும். ஒரு வழிக்கு ஒன்றேகால் மணித்தியாலம். பலாலியைத் தளமாகக் கொண்டு விமானிகள் நான்கு பேர் இருந்தோம். இரண்டு கப்டன்கள், இரண்டு துணை விமானிகள். ஒரு சோடி பறக்கும் நாளில் மற்றச் சோடிக்கு ஓய்வு. நான் இணுவிலில் இருந்து மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலத்தில் வேலைக்குப் போய்விடுவேன். பின்னேரப் பறப்பை முடித்துவிட்டு இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு வந்து கிணற்றில் குளிப்பேன். விமானி வேலையில் இப்படி ஒரு வாழ்வு கிடைப்பது அபூர்வம் என்று எனக்கு அப்போதே தெரியும்.

மற்றத் துணை விமானி என் நண்பன். தொண்டைமானாற்றில் பெண் எடுத்து அங்கேயே இருந்தான். இரண்டு பேரும் ஒன்றாகப் பயிற்சி பெற்றோம். ஒரே நாளில் நேர்முகத் தேர்வுக்குப் போனோம், ஒரே நாளில் கடிதம் வந்தது. வேலையில் சேரவேண்டிய நாளில் அவனுக்குக் கொப்புளிப்பான் போட்டுவிட்டது. முகம் எல்லாம் கொப்புளத்துடன் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தவன், ஆறித் தலைக்குத் தண்ணீர் வார்த்து வந்து கையெழுத்துப் போட்டபோது நான் சேர்ந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினொரு நாளை வைத்து நான்கு வருடமாக அவனைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தேன். தேநீர் வந்தால், "மூத்த ஆளுக்கு முதல்லை" என்று கோப்பையை எடுப்பேன். அவனும், "குடியுங்கோ அய்யா, குடியுங்கோ" என்பான்.

1983 ஆம் ஆண்டு தை மாதம் முடியும் தறுவாயில் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மூத்த கப்டன் அதை விமானச் சிறகின் நிழலில் நின்று எங்கள் மூன்று பேருக்கும் வாசித்தார். அவர் காலியில் பிறந்த சிங்களவர். ஐம்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தார். மனைவி இறந்தபின் காங்கேசன்துறையில் கடற்கரையோரம் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். எங்கள் கம்பனியும் கொழும்பில் உள்ள பெரிய கம்பனி ஒன்றும் சேர்ந்து ஒன்றாகப் போகின்றன என்று கடிதம் சொன்னது. இனி எல்லோருக்கும் ஒரே மூப்புப் பட்டியல். தளம் இரத்மலானை. பலாலியில் ஒரு கப்டனும் ஒரு துணை விமானியும் மட்டும் இருப்பார்கள். யார் எங்கே என்பது மூப்பின்படி. விருப்பத்தை எழுதி அனுப்பப் படிவம் இணைத்திருந்தார்கள்.

ஆங்கிலத்தில் வாசித்து முடித்த கப்டன், கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"ரெண்டு பேர் இங்கே. ரெண்டு பேர் கொழும்பு."

இரண்டு கிழமையில் அந்தப் பட்டியல் வந்தது. பெரிய கம்பனி பழையது, எங்களுடையது புதியது. சேர்ந்த நாளை வைத்துப் போட்ட பட்டியலில் நாங்கள் எல்லோரும் அடியில் கிடந்தோம். இருபது வருடத்துக்கு மேல் பறந்த எங்கள் கப்டனுக்கு மூன்று இடம் மேலே ஒரு பெயர் இருந்தது. அது அவர் பறக்கப் பழக்கிய ஒருவருடைய பெயர். அதை விரலால் தொட்டுக் காட்டிச் சிரித்தார்.  கொழும்புப் பக்கத்தில் எவரும் பலாலிக்கு வர விரும்பவில்லை. ஆகவே இங்குள்ள இரண்டு இடமும் எங்கள் நான்கு பேருக்குள்தான். இளைய கப்டன் படிவத்தைத் தொடவே இல்லை. வளைகுடாவில் வேலை எடுத்துக்கொண்டு மாசிக்குள் போய்விட்டார். மூத்த கப்டன் பலாலி என்று எழுதினார். கொழும்பில் தனக்கு ஒருவரும் இல்லை என்றார். மிச்சம் ஓர் இடம். நானும் அவனும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவன் இணுவிலுக்கு வந்தான். பனையோலை உமலில் நண்டு கொண்டுவந்திருந்தான். என் மனைவி பருத்தித்துறைக்காரி. நண்டைக் கண்டால் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். அன்று வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து எங்களோடு இருந்துகொண்டாள். அவன் இயந்திர எண்ணெயின் அழுத்தம் பற்றிக் கதைத்தான். சன்னதிக் கோயிலுக்குப் போகும் பாதை உடைந்து கிடப்பதைப் பற்றிக் கதைத்தான். வைகாசியில் பிள்ளை பிறக்கும் என்று சொன்னான். தேநீர் குடித்தான். இரண்டு மணித்தியாலம் இருந்தான். படிவத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவனுடைய மனைவி ஏழாம் மாதத்தில் இருக்கிறாள் என்பதும், அவன் எதற்காக வந்திருக்கிறான் என்பதும் எனக்குத் தெரியும். அவன் கேட்கட்டும் என்று நான் இருந்தேன். நான் சொல்வேன் என்று அவன் இருந்தான்.

படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளை உதைத்து எழுப்பினவன், பிறகு நிறுத்தினான்.

"படிவம் எப்ப குடுக்கிறாய்?"

"வெள்ளிக்கு முதல் குடுக்கச் சொல்லிக் கிடக்கு."

"ஓம்" என்றான். திரும்பவும் உதைத்தான். போய்விட்டான்.

மனைவி குசினிக்குள் நண்டை உடைத்துக்கொண்டிருந்தாள். "அவர் நண்டு குடுக்க வரேல்லை" என்றாள்.

"தெரியும்."

"எங்கடை அய்யா கப்பல்லை போனவர். எட்டு மாசம், பத்து மாசம். வந்தாலும் கப்பலைப் பற்றித்தான் கதை. அம்மா கடலைப் பாத்துக்கொண்டே கிழவியாப் போனா. அப்பிடி இருக்க எனக்கு ஏலாது. எனக்கு இஞ்சை பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிற வேலை. இடமாற்றம் கேட்டால் ரெண்டு வருஷம் செல்லும்." கையைக் கழுவிவிட்டு வந்து நின்றாள். "உங்கடை சிநேகிதனுக்குப் பாவம் பாத்தால், எனக்கு ஆர் பாவம் பாக்கிறது?"

அவளைச் சாட்டாகச் சொல்லலாம். பல வருடம் எனக்குள்ளே அப்படித்தான் சொல்லிக்கொண்டும் இருந்தேன். அது பொய். 1977 இல் பயிற்சிக் காலத்தில் கொழும்பில் கலவரம் வந்தபோது, ஓர் அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு கிழமை இருந்தவன் நான். சன்னல் சீலையை விலக்கப் பயந்து, குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இருந்தேன். அந்த நகரத்தில் திரும்பவும் ஓர் அறை எடுத்து இருக்க எனக்கு மனம் இல்லை. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தாலும் நான் அதையேதான் எழுதியிருப்பேன். படிவத்தில் மூன்று விருப்பம் எழுத மூன்று வரி விட்டிருந்தார்கள். மூன்றிலும் பலாலி என்று எழுதினேன்.

முடிவு வந்த அன்று அவன் அதை வாசித்துவிட்டு என் தோளில் கை வைத்தான். "சரி மச்சான். மூத்த ஆள் நீதானே" என்றான். அதற்குப் பிறகு நான் அந்தப் பகிடியை எடுக்கவில்லை.

சித்திரையில் அவன் இரத்மலானைக்குப் போனான். இங்கே கப்டனும் நானும் மட்டும் மிஞ்சினோம். முன்பு ஒருநாள் விட்டு ஒருநாள் பறந்தவர்கள், இப்போது வாரத்தில் ஆறு நாள் பறந்தோம். நாளுக்கு நான்கு பறப்பு. சோளகம் தொடங்கிவிட்டால் அந்தச் சின்ன விமானம் வழி முழுக்கக் குலுங்கும். வெயிலில் நின்ற விமானத்துக்குள் ஏறினால் மாம்பழக் கூடையும் சுருட்டுப் பெட்டியும் வியர்வையும் சேர்ந்து ஒரு மணம் முகத்தில் அடிக்கும். மூன்றாவது பறப்பில் கப்டனுக்குக் கண் சிவந்துவிடும். நான் பேசிக்கொண்டே இருப்பேன், அவருக்கு நித்திரை வராமல் இருக்க. சில நாள் அவர் பேசுவார், எனக்கு வராமல் இருக்க. வீட்டில் இருந்து வேலை செய்யத்தானே இவ்வளவும் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் நித்திரையாகிவிடுவேன். "நீங்கள் இஞ்சை இருக்கிறதும் ஒண்டுதான், கொழும்பிலை இருக்கிறதும் ஒண்டுதான்" என்று மனைவி ஒருநாள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை.

நண்பனை இரத்மலானையில் காண்பேன். நாங்கள் இறங்கி எரிபொருள் நிரப்பும் நேரத்தில் பத்து நிமிடம் கிடைக்கும். அவன் மாமியார் கட்டித்தரும் பார்சலை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். புதிய விதிப்படி ஊழியருக்கு விமானத்தில் இலவச இருக்கை இல்லை. ஆகவே அவன் லீவு நாளில் காலை ரயிலைப் பிடித்து ஊருக்கு வருவான். ஒருநாள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்புவான். அநுராதபுரம் வரை நின்றுகொண்டே வந்தேன் என்று சொல்வான்.

"மேலாலை ஒன்றேகால் மணித்தியாலம். கீழாலை ஒன்பது" என்றான் ஒருமுறை. "ரயிலிலை பக்கத்திலை இருந்த ஆள் என்ன வேலை எண்டு கேட்டவர். பைலற் எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்துது. கிளாக் எண்டு சொல்லிப்போட்டன்."

வைகாசியில் பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளையைப் பார்க்க அவனால் நான்கு நாள் பிந்தித்தான் வர முடிந்தது. ஆடிப்பிறப்புக்கு லீவு எடுத்துக்கொண்டு வந்தவன், திரும்பிப் போகும்போது மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனான்.

"இனியும் ரயிலிலை அலைய ஏலாது மச்சான். எனக்குக் களைச்சுப் போச்சு. தெகிவளையிலை ஒரு வீட்டோடை சேர்ந்த ரெண்டு அறை கிடைச்சிருக்கு" என்று பலாலிக்கு வந்து சொல்லிவிட்டுப் போனான். நல்லது என்று சொன்னேன். உண்மையில் எனக்கு ஆறுதலாக இருந்தது. இனி அவனுக்குக் குறை இல்லை என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை கொழும்பில் தமிழரின் வீடுகள் எரிந்தன.

பறப்புகள் நின்றன. தொலைபேசி வேலை செய்யவில்லை. நண்பனின் மாமனார் தொண்டைமானாற்றிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒவ்வொரு நாளும் இணுவிலுக்கு வந்தார். சொந்தமாக வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர், கதை குறைந்த மனிதர். வாசலில் நின்றபடியே கேட்பார்.

"தம்பி, உங்கடை கந்தோராலை ஒரு தகவலும் இல்லையோ?"

"இல்லை அய்யா."

"சரி, நாளைக்கு வாறன்."

இருக்கச் சொன்னாலும் இருக்க மாட்டார். ஐந்து நாள் அப்படி வந்துபோனார். அவர் போனபின் என் மனைவி உள்ளே போய்ப் படுத்துவிடுவாள். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் படிவத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

ஆறாம் நாள் கப்டன் என் வீட்டுக்கே வந்தார். மருந்தும் தபாலும் எடுத்துவர, சில அதிகாரிகளைக் கூட்டிவர, ஒரு பறப்புக்கு அனுமதி வந்திருந்தது. "நீ வரவேண்டாம். வேறு ஒருவரை அனுப்பச் சொல்லிக் கேட்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் வருகிறேன் என்றேன். துணிவு என்று இல்லை. அடுத்த நாளும் வாசலில் வந்து நிற்கப்போகும் அந்த மனிதரின் முகத்தை இன்னொருமுறை பார்க்க என்னால் முடியாது. அவ்வளவுதான்.

வெறும் இருக்கைகளோடு பறந்தோம். இரத்மலானையில் இறங்கி விமானத்தை நிறுத்தும்போதே தெரிந்தது. ஹங்கருக்குள் நிற்கவேண்டிய விமானங்களையெல்லாம் வெளியே தள்ளி விட்டிருந்தார்கள். உள்ளே சனங்கள். வாசலுக்குக் கிட்டப் போகவே வெக்கை அடித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் சீமெந்துத் தரையில் பாய் இல்லாமல், அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்து இருந்தார்கள். வெள்ளைச் சீருடையில் வந்த என்னைச் சிலர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். கப்டன் என்னோடு ஒட்டியபடி நடந்தார்.

அவனைப் பின்சுவரோரம் கண்டோம். உதிரிப்பாகங்கள் வைக்கும் இரும்பு அலுமாரிகளுக்குப் பக்கத்தில், அவன் தினமும் வேலைக்கு வந்துபோகும் அதே இடத்தில், சுவரில் சாய்ந்து இருந்தான். சாரமும் சீருடைச் சட்டையும் போட்டிருந்தான். தோள்பட்டையில் இருந்த கோடுகளைக் கழற்றிவிட்டிருந்தான். அவன் மனைவி பிள்ளையை மடியில் வைத்து ஒரு கடதாசி மட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"எப்ப வந்தனி?" என்றான், வீட்டுக்கு வந்தவனைக் கேட்பது போல.

"இப்பத்தான்."

"காத்து எப்பிடி?"

"சோளகம். வவுனியா தாண்டக் குலுக்கினது."

தலையை ஆட்டினான். நான் அவன் பக்கத்தில் தரையில் இருந்தேன். வீட்டுக்காரர் பின் வழியாக அனுப்பிவிட்டதையும், மதிலுக்கு அப்பால் ஒரு பழைய காருக்குள் ஒரு பகல் முழுக்க இருந்ததையும், அறைகள் எரிந்ததையும் நாலைந்து வசனத்தில் சொன்னான். "லைசென்ஸ் போச்சு. லொக்புக் போச்சு. பறந்த மணித்தியாலம் ஒண்டுக்கும் இப்ப சாட்சி இல்லை" என்றான். பிறகு கப்டனைப் பார்த்து, "சேர், இவையள் ரெண்டு பேரையும் கொண்டுபோங்கோ" என்றான்.

கப்டன் எங்கள் கம்பனிக் கந்தோருக்குப் போனார். பத்து இருக்கைக்கும் பெயர் எழுதியாகிவிட்டது என்று சொன்னார்களாம். அங்கே அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அரை மணித்தியாலம் கழித்து வந்து, ஓர் இடம் உண்டு, அதிகாரி ஒருவர் தன் உதவியாளரை அடுத்த பறப்பில் வரச் சொல்லிவிட்டார் என்றார். அவனுக்கும் ஓர் இடம் கேட்டாராம், கிடைக்கவில்லை.

அவள் தான் தனியாகப் போகமாட்டேன் என்றாள். அழவில்லை. மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். அவன் அவளோடு வாதாடவில்லை. எழுந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு விமானத்தை நோக்கி நடக்கத் தொடங்கினான். அவன் பின்னால் போவதைத் தவிர அவளுக்கு வழி இருக்கவில்லை. படியடியில் அவளை ஏற்றி, பிள்ளையைக் கையில் கொடுத்து, இடுப்புப் பட்டியைத் தானே இறுக்கிவிட்டான். இறங்கி வந்து, பழக்கதோஷமோ என்னவோ, சக்கரத்துக்கு வைத்த கட்டைகளையும் தானே எடுத்தான்.

மேலே ஏற ஏறப் பிள்ளை வீறிட்டு அழுதது. காதடைப்பு. முன்னும் பின்னும் ஆண்கள் இருந்ததால் அவள் பால் கொடுக்கக் கூசிக்கொண்டு இருந்தாள். கப்டன் திரும்பிப் பார்த்தார். "பிள்ளைக்குப் பால் குடு. காது நோகுது" என்றார் தன் தமிழில். பிறகு பக்கத்தில் இருந்த அதிகாரிகளைச் சிங்களத்தில் மறுபுறம் திரும்பி இருக்கச் சொன்னார். அவர்களும் திரும்பினார்கள். அழுகை நின்றது. களப்பு தெரிந்தவுடன் வழக்கத்தைவிடக் கனக்க முன்னாலேயே உயரத்தைக் குறைக்கத் தொடங்கி, மெல்ல மெல்ல இறக்கினார். அவ்வளவு மெதுவான இறக்கத்தை நான் முன்பும் காணவில்லை, பிறகும் காணவில்லை.

பலாலியில் அவளுடைய தகப்பனார் வாசலில் நின்றார். நாங்கள் இரத்மலானைக்குப் பறந்திருக்கிறோம் என்று என் மனைவி அவருக்கு ஆள் அனுப்பியிருந்தாள். அவரிடம் போவதற்கு முன் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, நீங்கள் அந்தப் படிவத்திலை என்ன எழுதினீங்கள் எண்டு எனக்குத் தெரியும். அதைப்பற்றி நான் ஒண்டும் கதைக்க மாட்டன். அவர் வந்து சேரட்டும்."

ஒன்பது நாள் கழித்து அவன் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்தான். அகதிகளை ஏற்றி வந்த கப்பல். துறைமுக வாசலில் ஊர்ச்சனங்கள் பாணும் தேநீரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும் இருந்தது. தாடி வளர்ந்திருந்தது. என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறினான். கடற்கரை வீதியால் தொண்டைமானாற்றுக்குப் புறப்பட்டோம். மயிலிட்டி தாண்டியதும், "கொஞ்சம் நிப்பாட்டு" என்றான். இறங்கிப் போய் ஒரு வள்ளத்தின் நிழலில் மணலில் இருந்தான். நானும் போய் இருந்தேன். அந்த ஒன்பது நாளும் நான் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"மச்சான், அந்தப் படிவம்..." என்று தொடங்கினேன்.

"விடு."

"இல்லை, நான் அண்டைக்கு உன்னட்டை..."

"நீ எழுதாட்டி நான் எழுதியிருப்பன்" என்றான். "கொப்புளிப்பான் உனக்குப் போட்டிருந்தால் பதினொரு நாள் என்ரை பக்கம். நான் உன்னைத்தான் அனுப்பியிருப்பன். அதையும் நான் அங்கை கிடக்கேக்கை யோசிச்சனான்." கண்ணை மூடிக்கொண்டான். "எனக்கு நித்திரை வருது. வீட்டை கொண்டுபோய் விடு."

அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். மன்னிப்புத்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவன் மிகவும் களைத்திருந்தான். அவன் சொன்னது உண்மையாக இருக்கவும் கூடும்.

அவன் திரும்பவும் இரத்மலானைக்குப் போகவில்லை. கப்டனும் நானும் சில மாதம் தொடர்ந்து பறந்தோம். பத்து இருக்கையில் மூன்று பேர், நான்கு பேர். பலாலி வாசலில் சோதனை கூடிக்கொண்டு வந்தது. வேலைக்கு வரும் என்னையே இறக்கி வைத்துச் சோதிப்பார்கள். கப்டன் உள்ளேயிருந்து வந்து அழைத்துப் போவார். அந்த நாட்களில்தான் அவர் ஒரு வேலை தொடங்கினார். லைசென்ஸுக்கு மாற்றுப் பிரதி எடுக்கலாம், ஆனால் நண்பனின் லொக்புக் எரிந்துபோனதால் அவன் வேறெங்கும் வேலை கேட்க முடியாமல் இருந்தான். பலாலிக் கந்தோரில் நான்கு வருடத்துப் பறப்புப் பதிவேடுகள் இருந்தன. காலைப் பறப்புக்கும் பின்னேரப் பறப்புக்கும் இடையில் கிடைத்த நேரத்தில், நான் அவன் பெயருள்ள பறப்புகளைத் தேடி வாசிப்பேன். நாள், விமானம், எங்கிருந்து எங்கே, எவ்வளவு நேரம். கப்டன் புதிய புத்தகத்தில் தன் அழகான கையெழுத்தில் எழுதுவார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒப்பம் இடுவார். இரண்டு மாதத்துக்குக் கிட்டப் பிடித்தது. சில வரிகளை வாசிக்கும்போது அந்த நாள் எனக்கு ஞாபகம் வரும். மழை, இடி, ஏறமாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு பயணி. கப்டனுக்கும் வரும். நாங்கள் அதைப் பேசி நேரத்தைக் கடத்தாமல் அடுத்த வரிக்குப் போவோம்.

அந்த வேலை முடிந்து கொஞ்ச நாளில் பலாலிச் சேவையையே நிறுத்திவிட்டார்கள். எனக்கும் ஒரு கடிதம் வந்தது. இரத்மலானைக்கு வரலாம், இல்லாவிட்டால் விலகலாம். படிவம் எதுவும் இணைக்கவில்லை. நான் விலகினேன். கப்டன் ஓய்வு எடுத்துக்கொண்டு காலிக்குப் போனார். போகும்போது, "லைசென்ஸை விட்டுவிடாதே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொழும்புக்கு வந்து வைத்தியப் பரிசோதனையைச் செய்துகொள். வந்தால் என்னிடம் சொல், நான் ரயிலடிக்கு வருகிறேன்" என்றார். சரி சேர் என்றேன்.

நண்பனுக்கு 1984 இன் பிற்பகுதியில் ஆபிரிக்காவில் ஒரு சின்னக் கம்பனியில் வேலை கிடைத்தது. கப்டன் எழுதிய புத்தகத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். புறப்படுவதற்கு முதல்நாள் அவனும் மனைவியும் பிள்ளையும் இணுவிலுக்கு வந்தார்கள். பிள்ளை நன்றாக நடந்து திரிந்தது. அவன் மனைவி என் மனைவியோடு குசினிக்குள் கனநேரம் கதைத்துக்கொண்டிருந்தாள். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. போகும்போது, "போட்டு வாறம் அண்ணை" என்றாள். அவன் என் கையைப் பிடித்து, "நீயும் வா. நான் அங்கை கேட்டுப் பாக்கிறன்" என்றான். கேட்டும் பார்த்தான். இரண்டு கடிதம் வந்தது. ஒரு இடம் இருக்கிறது, லைசென்ஸ் நடப்பில் இருக்கவேண்டும் என்று இரண்டாவதில் எழுதியிருந்தான்.

முதல் பரிசோதனைக்குப் போய்வந்தேன். வழியில் எத்தனை இடத்தில் சோதனைக்கு இறக்கி ஏற்றினார்கள் என்று எண்ணவில்லை. இரண்டாவது முறைக்குத் துணிப்பை கட்டி வைத்துவிட்டுப் போகவில்லை. அதற்குள் பருத்தித்துறையில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் கணிதம் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். என் மாமியார் தனித்துப் போனதால் நாங்களும் அங்கேயே குடிபெயர்ந்தோம்.

லைசென்ஸ் முடிகிற நாள் ஒரு புதன்கிழமை. மேசையில் பரீட்சை விடைத்தாள்கள் குவிந்து கிடந்தன. மனைவி வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"இண்டைக்கோ முடியுது?"

"ஓம்."

"ஒருக்காப் போட்டு வந்திருக்கலாம். நான் மறிக்கேல்லையே."

"நீர் மறிக்கேல்லை."

"பயமோ?"

யோசித்துப் பார்த்தேன். "பயமில்லை. களைப்பு" என்றேன்.

அவள் கதிரையை மேசைக்குக் கிட்ட நகர்த்தினாள். பிறகு தாள்களில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சிவப்புப் பேனை இன்னொண்டு கிடக்கோ?" என்று கேட்டாள். இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் இருந்து திருத்தினோம்.